காய்ச்சல் வராத டாக்டர்

பத்திரிகையில் ஓட்டை இருந்தது.

எலி கடித்திருக்கும் என்றுதான் லலிதாம்பாள் முதலில் நினைத்தாள். பிளேக் பரவிய அந்த மார்கழியில் மைசூரில் எதைப் பார்த்தாலும் எலி நினைவுதான் வந்தது. ஆனால் எலி இத்தனை நேராகக் கடிக்காது. மூன்றாம் பக்கத்தின் நடுவில், கத்தரிக்கோல் போய் வந்த சுத்தமான விளிம்போடு, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. அதன் வழியே வெந்நீர் அடுப்பு தெரிந்தது. அடுப்புக்கு அப்பால் லிங்கம்மாவின் முகம் தெரிந்தது.

"என்னுங்கம்மா, பேப்பர்ல சன்னல் வெச்சிருக்குது?" என்றாள் லிங்கம்மா.

மதராஸிலிருந்து வரும் இங்கிலீஷ் பத்திரிகை அது. முதலில் டாக்டர் பட்டாபிராமனின் மேஜைக்குப் போகும். அவர் படித்து முடித்து மறுநாள் மத்தியானம் கீழே அனுப்புவார். ஆஸ்பத்திரிக் கத்திகளையும் கிண்ணங்களையும் கொதிக்கவைக்கும் பின்கட்டு அறையில் ஆயாக்களும் வார்டு சேவகர்களும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்துகொள்ள, லலிதாம்பாள் படித்துத் தமிழில் சொல்வாள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் கொள்ளேகால், ஹனூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். எங்கே எந்தத் தெருவை மூடினார்கள், எந்த ஊரிலிருந்து வருகிறவர்களை ரயிலடியில் நிறுத்திவைக்கிறார்கள், சர்க்கார் புதிதாக என்ன சொல்லியிருக்கிறது, எந்த ஊர் டாக்டர் எந்த மருந்துக்கு என்ன பலன் கண்டார் என்பதெல்லாம் அவர்களுக்குப் பொழுதுபோக்கு அல்ல. நாளை யாரைத் தூக்க வேண்டும், தூக்கினால் தாங்கள் பிழைப்போமா என்ற கேள்வி.

லலிதாம்பாள் அந்த ஆஸ்பத்திரியின் மருத்துவச்சி. தகப்பனார் சர்க்கார் உத்தியோகத்துக்காகக் காவேரிக்கரையை விட்டு மைசூருக்கு வந்தவர். பெண்ணுக்கு இங்கிலீஷ் எழுத்துக் கற்றுக்கொடுத்தார். "சாதாரண ஜுரம்தான்" என்று மூன்று வைத்தியர்கள் ஒரே குரலில் சொன்ன காய்ச்சலில் அவள் புருஷனைப் பறிகொடுத்தாள். அதற்குப் பிறகு யார் எதைச் சொன்னாலும், சொல்கிறவருக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்பது அவளுக்கு மூச்சு விடுவதுபோல ஆகிவிட்டது. பத்திரிகை படிக்கும்போதும் அப்படித்தான். ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அது யார் வாயிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவாள். "இது கண்ணால பார்த்தவர் எழுதினது. இது பார்த்தவர் சொன்னதைக் கேட்டு எழுதினது. இது யாரோ சொன்னான்னு யாரோ எழுதினது."

லிங்கம்மாவின் புருஷன் கரியப்பன் ஆஸ்பத்திரிக்கு வருமுன் மண்டி மொஹல்லாவில் மூட்டை தூக்கியவன். அவன் இந்த மூன்றுக்கும் பெயர் வைத்திருந்தான். முதல் ரகம், ரெண்டாம் ரகம், உள்ளே மணியே இல்லாத பொக்கு.

அன்று லலிதாம்பாள் ஓட்டையைச் சுற்றி இருந்ததையெல்லாம் படித்தாள். ஒருவர் காதிலும் அது விழவில்லை. எல்லோருடைய கண்ணும் ஓட்டையிலேயே இருந்தது.

"அந்த எடத்துல என்ன இருந்துதுங்க?" என்று கேட்டாள் மாதேவி. ஆயாக்களில் இளையவள்.

"தெரியாது."

"டாக்டர் சாமி சம்சாரத்துக்குச் சீலை வெளம்பரம் வெட்டிக் குடுத்திருப்பாரு" என்றான் கரியப்பன். யாரும் சிரிக்கவில்லை.

காரணம் இருந்தது. ஊருக்கு வெளியே பிளேக் முகாம் போட்டாகிவிட்டது. அடுத்த பத்துப் பதினைந்து நாளில் இந்தப் பன்னிரண்டு பேரும் அங்கே போக வேண்டும். போவதற்கு முன் எல்லோரும் பிளேக் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா படித்துப் பார்த்துச் சொல்லட்டும், பிறகு கையை நீட்டுகிறோம் என்று இவர்கள் சொல்லியிருந்தார்கள். ஒரு வாரமாகப் பத்திரிகை அதற்காகவே பிரிக்கப்பட்டது.

லிங்கம்மா அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினாள். "மண்டியில ஒரு பேச்சு அடிபடுதுங்கம்மா. வடக்க ஒரு ஊர்ல இந்த ஊசியப் போட்டு, ஊரே வாய் கட்டிச் செத்துப் போச்சாமா."

"பொக்கு" என்றான் கரியப்பன். சொல்லிவிட்டு லலிதாம்பாளின் முகத்தைப் பார்த்தான்.

அவள் ஆமாம் என்று சொல்லவில்லை. ஊர் கட்டிவிடும் கதைகளில் ஜனங்கள் ரத்தம் கக்கிச் சாவார்கள். உடம்பு நீலம் பாரித்துச் சாவார்கள். வாய் கட்டிச் சாகமாட்டார்கள். அது கதை கட்டுகிறவனுக்குத் தோன்றாது. அவளுக்குத் தெரியும், எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறாள். அழுக்குக் கத்தியால் தொப்புள்கொடி அறுத்த குழந்தை, ஒரு வாரம் நன்றாக இருந்துவிட்டு, திடீரென்று ஒரு காலை முலையைப் பற்றமாட்டாது. தாடை பூட்டிக்கொண்டிருக்கும். தனுர்வாதம். அதன் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை.

பத்திரிகையை நாலாக மடித்தாள். ஓட்டை உள்ளே போய்விட்டது.

"பொறுங்கோ. நான் விசாரிக்கறேன்" என்றாள்.

அக்ரஹாரத்தில் அண்ணா யக்ஞநாராயணனின் வீட்டுப் பின்கட்டில் அவளுக்கு ஓர் அறை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழையலாம். பிளேக் வந்த பிறகு, குளித்த பிறகும் மன்னி குழந்தைகளைப் பக்கத்தில் விடுவதில்லை. அண்ணா வேலை பார்க்கும் சர்க்கார் கச்சேரிக்கு அதே பத்திரிகை வரும் என்பது சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"நேத்திக்குப் பேப்பர்ல, மூணாம் பக்கம், நடுவுல என்ன இருந்தது?"

அண்ணா மோர் ஊற்றிக்கொண்டார். "அதைத்தான் உங்கிட்டச் சொல்லணும்னு இருந்தேன். பஞ்சாப்ல ஏதோ கிராமம். பிளேக் ஊசி போட்டுண்டு பத்தொன்பது பேர் போயிட்டா. தனுர்வாதம்."

"எத்தனை பேருக்குப் போட்டா? எல்லாரும் போனாளா?"

"அதையெல்லாம் யார் படிச்சா? பத்தொன்பதுன்னு பார்த்தேன். மூடி வெச்சுட்டேன்."

"யார் எழுதியிருந்தா?"

"பேப்பர்காரன்தான் எழுதியிருப்பான். நீ வேலைக்குப் போக வேண்டாம், லலிதா. நாளைக்கே எழுதிக் குடுத்துடு."

ஓட்டைக்குள் என்ன இருந்தது என்று தெரிந்துவிட்டது, ஆனால் பாதிதான் தெரிந்தது. பாதியாக வந்த செய்தி முழுப் பொய்யைவிட மோசம் என்று அவள் வெகுநாளாக நினைத்து வந்தாள். பொய்யென்றால் ஒருநாள் வெளுத்துவிடும். பாதி அப்படியே உட்கார்ந்திருக்கும். அதைவிட அவளை அரித்தது வேறு. டாக்டர் இதைப் படித்திருக்கிறார். படித்து, வெட்டி எடுத்து, மீதியை ஒன்றும் நடக்காததுபோல மடித்து அனுப்பியிருக்கிறார். இதை வெட்டியவர் இதற்கு முன் எதையெல்லாம் வெட்டாமல் மறைத்திருப்பார்?

மறுநாள் காலை டாக்டர் எல்லோரையும் மருந்து கட்டும் அறைக்கு வரச்சொன்னார். நாற்பதைத் தாண்டிய, நெடுநெடுவென்ற மனிதர். அதிகம் பேசமாட்டார்; பேசினால் சுவரைப் பார்த்துப் பேசுவார்.

"ஊசி போட்டுக்கறது சர்க்கார் உத்தரவு" என்றார் சுவரிடம். "அதுல பயப்பட ஒண்ணும் இல்லை. இதோ, முதல்ல எனக்கு."

கோட்டைக் கழற்றி, இடது கைச் சட்டையை மேலே சுருட்டினார். கம்பவுண்டர் சென்னிமலை உள் அறையிலிருந்து ஒரு புட்டியைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தான். புட்டி ஏற்கெனவே திறந்திருந்தது. லலிதாம்பாள் அதைக் கவனித்தாள். அவளைத் தவிர வேறு யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தாள். ஆனால் பக்கத்தில் நின்ற லிங்கம்மா மெல்ல அவள் முழங்கையை இடித்தாள்.

ஊசி ஏறியது, இறங்கியது. டாக்டர் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு, "அவ்வளவுதான்" என்றார். யார் அடுத்து என்று கேட்டார். யாரும் நகரவில்லை. "சரி, யோசிச்சுக்கோங்கோ" என்று கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாள் காலை வழக்கமான நேரத்துக்கு வந்தார். ஒவ்வொரு கட்டிலாக நின்றார். லிங்கம்மாவைப் பார்த்து, பேரன் எப்படி இருக்கிறான் என்று கேட்டார். மாதேவியைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து அந்த ஆஸ்பத்திரியில் யாரும் பார்த்ததில்லை.

மத்தியானம் வெந்நீர் அறையில் யாரும் பத்திரிகையைப் பிரிக்கச் சொல்லவில்லை.

"ஜட்கா ஓட்டறானே மல்லப்பன், அவன் பெங்களூர்ல இந்த ஊசி போட்டுக்கிட்டு வந்து ரெண்டு நாள் எந்திரிக்கலைங்க" என்றாள் லிங்கம்மா. "கை பூசணிக்காயாட்டம் வீங்கிப் போச்சு. அவன் சம்சாரம் ஒப்பாரி வெக்க ஆரம்பிச்சுட்டா."

"ஒரு துரை வீட்டு பட்லருக்கும் அப்பிடித்தான்" என்றாள் மாதேவி. "ராத்திரியெல்லாம் பெனாத்தினானாம்."

"நம்ம சாமிக்கு ஒரு தும்மல்கூட வரல" என்றான் கரியப்பன். "பரீ நீரு. வெறுந்தண்ணி. அவருக்கு ஒரு புட்டி, நமக்கு ஒரு புட்டி. மூடி தெறந்தே வந்துது, பாத்தீங்கல்ல?"

"அவரு சிரிச்சாரே" என்றாள் லிங்கம்மா. "அத நெனச்சாத்தான் எனக்குப் பயமா இருக்குது."

எல்லோரும் லலிதாம்பாளைப் பார்த்தார்கள். அவள் பஞ்சாப் செய்தியைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பத்தொன்பது என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு அவள் என்ன சொன்னாலும் எடுபடாது. அதேசமயம், சொல்லாமல் இருப்பதால் தானும் ஒரு கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டதாக அவளுக்குப் பட்டது.

"நான் சொல்றவரைக்கும் யாரும் கையை நீட்ட வேண்டாம்" என்றாள்.

சொன்ன ஒரு நாழிகைக்குள் மண்டி மொஹல்லாவிலிருந்து ஒரு வெல்லமண்டிக் கணக்குப்பிள்ளையைக் கட்டிலோடு தூக்கிவந்தார்கள். தொடையிடுக்கில் நெல்லிக்காய் அளவு கட்டி. கண் சிவந்து, நாக்குக் குழறியது. கூட வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். கரியப்பன்தான் அந்த ஆளை மார்போடு அணைத்துத் தூக்கி, கடைசி அறைக்குக் கொண்டுபோனான். திரும்பி வந்து பினாயில் வாளியில் முழங்கை வரை கையை விட்டு வெகுநேரம் நின்றான். வாளியைப் பார்த்துக்கொண்டே, "பொறுங்கன்னு சொன்னீங்கல்ல, பொறுக்கறேன்" என்றான். கேலியா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஊசி போட்டுக்கொண்ட அன்றே அது காப்பாற்றிவிடாது. வாரம் பத்து நாளாவது ஆகும். அவள் 'பொறுங்கோ' என்று தள்ளிப்போட்ட ஒவ்வொரு நாளும் அந்தக் கணக்கில் சேர்ந்தது.

விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சற்று முன்பாக டாக்டரின் அறைக்குப் போனாள். அவர் மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். அறைக்குள் வந்ததும் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவது அவர் வழக்கம். இன்று மாட்டவில்லை.

"பேப்பர்ல ஒரு இடத்தை வெட்டியிருக்கேள்" என்றாள்.

"ஆமாம்."

மறுப்பார் என்று எதிர்பார்த்துத்தான் அவள் வந்திருந்தாள்.

"பஞ்சாப்ல பத்தொன்பது பேர்" என்றாள்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "யார் சொன்னா?"

"நீங்க சொல்லியிருக்கணும்."

வெளியே வேப்பமரத்தில் காக்கைகள் இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

"சொல்லியிருந்தா என்ன ஆகும்?" என்றார் அவர். "பத்தொன்பதுங்கறது மட்டும் காதுல விழும். மீதி விழாது."

"மீதி என்ன?"

மேஜை இழுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். "அலமாரியில மேல் தட்டு. நீங்களே எடுத்துக்கோங்கோ."

அது இன்னொரு ஆச்சரியம். அந்தக் கண்ணாடி அலமாரியில் கல்கத்தாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் வைத்தியப் பத்திரிகைகள் இருந்தன. அதை அவர் யாரையும் தொடவிட்டதில்லை. தூசு தட்டக்கூடத் தானே எழுந்து போவார். இன்று நாற்காலியை விட்டு அசையவில்லை. இதிலும் ஏதோ இருக்கிறது என்று அவள் மனத்துக்குள் ஒன்று முணுமுணுத்தது.

வெட்டிய துண்டு மேல் தட்டில் ஒரு வைத்தியப் பத்திரிகைக்குள் செருகியிருந்தது. அதை ஜன்னலண்டை நின்று படித்தாள். பிறகு அந்தப் பத்திரிகையில் அவர் பென்சிலால் கோடிட்டிருந்த பக்கத்தைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். அன்று அந்தக் கிராமத்தில் நூறு பேருக்கு மேல் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஐந்து புட்டிகள் திறந்திருக்கிறார்கள். நான்கு புட்டிகளில் போட்டுக்கொண்டவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். செத்த பத்தொன்பது பேரும் ஒரே புட்டிக்காரர்கள்.

"அந்தப் புட்டிக்குள்ள அழுக்கு எப்படிப் போச்சு?"

"தெரியலை. விசாரணை நடக்கறது."

"இதை எழுதினவர் நேரில பார்த்தவரா?"

"விசாரிக்கப் போனவாகிட்டக் கேட்டு எழுதினவர்."

ரெண்டாம் ரகம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். பொக்கு இல்லை, முதல் ரகமும் இல்லை.

"சர்க்கார் உத்தரவையும் பார்க்கணும்."

அதையும் எடுத்து நீட்டினார். ஒரே பக்கம்தான். போட்டுக்கொள்ளும்படி சிப்பந்திகளுக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்றுதான் அதில் இருந்தது. கட்டாயம் என்ற வார்த்தை எங்கும் இல்லை.

"உத்தரவுன்னேள்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"இல்லை" என்றாள்.

அந்த ஒரு சொல்லை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார், அது எதிர்ச் சுவரில் ஒட்டியிருப்பதுபோல. அவள் காகிதங்களை மேஜையில் அவருக்கு இடப்பக்கம் வைத்தாள். அவற்றை எடுக்க அவர் இடது கையை நீட்டவில்லை. உடம்பு முழுவதையும் திருப்பி, வலது கையைக் குறுக்கே கொண்டுபோய் எடுத்தார். திரும்பும்போது ஒரு கணம் பல்லைக் கடித்தார். மார்கழிச் சாயங்காலக் குளிரில் அவர் காலர் நனைந்திருந்தது.

பிரசவ அறையில் நோவை மறைக்கிற பெண்கள் எத்தனையோ பேரை அவள் பார்த்திருக்கிறாள்.

"ஜுரம் எத்தனை?" என்று கேட்டாள்.

அவர் வலது கையால் காகிதங்களைச் சரிசெய்து அடுக்கினார்.

"கார்த்தால நூத்தி ரெண்டு" என்றார். "ஜுரத்துக்குத் தூள் போட்டுண்டேன். மத்தியானம் இன்னொண்ணு."

"எதுக்கு?"

"நான் படுத்துட்டா அவாள்லாம் பயந்துடுவா. ஊசியில ஒண்ணும் இல்லைன்னு காட்டணும்னு நினைச்சேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. நாள் முழுக்க இந்த மனிதர் காய்ச்சலோடு கட்டில் கட்டிலாக நின்றிருக்கிறார். அதற்காகச் சிரிக்கவும் சிரித்திருக்கிறார். ஒவ்வொரு சிரிப்புக்கும் அங்கே ஒருவருக்குப் பயம் கூடியிருக்கிறது.

"ஊசி போட்டா ஜுரம் வரும்னு ஊருக்கே தெரியும். உங்களுக்கு வரலைன்னா உங்களுக்குப் போட்டது தண்ணின்னு அர்த்தம். அவா அப்படித்தான் பேசிக்கறா." கொஞ்சம் நிறுத்தினாள். "நானும் அப்படித்தான் நினைச்சேன்."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். முதல்முறையாகச் சுவரைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார்.

"கோட்டைக் கழட்டுங்கோ" என்றாள். காய்ச்சல் மட்டும் போதாது. எல்லாக் காய்ச்சலும் ஒரே மாதிரிதான் சுடும். அந்த ஊரில் அப்போது காய்ச்சலுக்கு வேறு காரணமும் இருந்தது. அவர் கழற்றினார். முழங்கைக்கு மேலே எலுமிச்சம்பழ அளவுக்குத் தடித்து, சிவந்து, பளபளப்பாக இருந்தது. அக்குளிலும் தடவிப் பார்த்தாள். கட்டி ஏதும் இல்லை. பிறகுதான் கையை எடுத்தாள்.

"தூளோட வேகம் இறங்கற நேரம்தான். இப்பவே வார்டுக்கு வந்து படுங்கோ. அவா வந்து பார்க்கட்டும்."

"ஆயாக்கள் வந்து என் நெத்தியைத் தொட்டுப் பார்க்கணுமா?"

"ஆமாம்."

"முடியாது, லலிதாம்பாள்."

"அப்போ நானும் அவாகிட்ட ஒண்ணும் சொல்ல முடியாது."

வெளியே யாரோ விளக்கேற்ற ஏணியை இழுத்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. அது தாழ்வாரத்தின் கடைசி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. டாக்டர் எழுந்தார். கோட்டைப் போட்டுக்கொள்ளாமல், கையில் மடித்து எடுத்துக்கொண்டார்.

ஆண்கள் வார்டில் வாசலை ஒட்டிய கட்டில் காலியாக இருந்தது. அதில் பூட்ஸைக் கழற்றிவிட்டு டாக்டர் படுத்தார். கால்கள் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அடுத்த கட்டில் நோயாளி எழுந்து உட்கார்ந்துகொண்டான். ஆயாக்களும் சேவகர்களும் ஒருவர் முதுகுக்குப் பின் ஒருவராக வந்து நின்றார்கள்.

"லிங்கம்மா, தொட்டுப் பாரு" என்றாள் லலிதாம்பாள்.

"சாமிய நான் தொடறதுங்களா?"

"தொடு" என்றார் டாக்டர். கண்ணை மூடிக்கொண்டார்.

லிங்கம்மா கையைச் சீலையில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். புறங்கையை அவர் நெற்றியில் வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள்.

"தோசைக்கல்லு கெட்டுது, போங்க" என்றாள்.

ஒரு முனகல்போலச் சிரிப்பு கிளம்பி அடங்கியது. கரியப்பன் குனிந்து அந்தக் கையைப் பார்த்தான். தொடவில்லை, ஊதிப் பார்க்கிறவன்போல முகத்தை மட்டும் பக்கத்தில் கொண்டுபோனான். "தண்ணிக்கு இப்பிடி வீங்காதுங்க" என்றான். பிறகு, "இதக் காலையிலயே காட்டியிருந்தா நான் ஒரு கெட்ட பேச்சுப் பேசியிருக்க மாட்டேன்" என்றான்.

"என்ன பேசினே?" என்றார் டாக்டர், கண்ணைத் திறக்காமல்.

"அது பொக்குங்க சாமி. உட்டுருங்க."

லலிதாம்பாள் கட்டிலின் கால்மாட்டில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். பத்தொன்பது பேரைச் சொன்னாள். மாதேவி வாயைப் பொத்திக்கொண்டாள். மற்ற நான்கு புட்டிகளைச் சொன்னாள். அழுக்கு எப்படி உள்ளே போனது என்று இன்னும் யாருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, தனக்கும் தெரியாது என்று சொன்னாள். இது கேட்டு எழுதியவர் எழுதியது, ரெண்டாம் ரகம் என்று சொன்னாள். ஊசி போட்டுக்கொள்ளச் சொல்வது புத்திமதி; உத்தரவு இல்லை என்றும் சொன்னாள். அதைச் சொல்லும்போது டாக்டர் கண்ணைத் திறந்தார். ஆனால் குறுக்கே பேசவில்லை.

அவள் முடித்த பிறகும் எல்லோரும் காத்திருந்தார்கள். இத்தனைக்குப் பிறகும் ஒன்று மீதி இருக்கிறது என்பதுபோல.

"அதெல்லாம் சரிங்கம்மா" என்றான் கரியப்பன். "நீங்க போட்டுக்குவீங்களா?"

அதை அவள் தன்னிடம் கேட்டுக்கொண்டதே இல்லை. எல்லோரையும் சந்தேகப்பட்டாகிவிட்டது. ஓட்டையை, திறந்த புட்டியை, டாக்டரின் சிரிப்பை. தன் கையைப் பற்றி நினைத்துப் பார்க்கவில்லை. அடுத்த கட்டில்காரன்கூட அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"புட்டியை என் கண் முன்னாடி திறக்கணும்" என்றாள் கடைசியில். "முதல்ல எனக்கு."

மறுநாள் காலை வெந்நீர் அறையிலேயே வைத்துக்கொண்டார்கள். அதுதான் அவர்களுக்குத் தெரிந்த இடம். சென்னிமலை மூடியோடு புட்டியைக் கொண்டுவந்தான். லலிதாம்பாள் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், லிங்கம்மாவிடம் கொடுத்தாள், அது கை கையாகப் போய்த் திரும்பி வந்தது. இத்தனை கண்கள் பார்த்து வேலை செய்து சென்னிமலைக்குப் பழக்கம் இல்லை. தக்கையை எடுக்கும் குறடு கைநழுவித் தரையில் விழுந்தது. எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டு புட்டியின் வாய்க்குக் கொண்டுபோனான்.

"அதைக் கொதிக்க வை" என்றாள் லலிதாம்பாள்.

"தரை சுத்தமாத்தான் இருக்குதுங்க. இப்பத்தான் கழுவினாங்க."

"கொதிக்க வை."

லிங்கம்மா அடுப்பை ஊதினாள். தண்ணீர் முதலில் சும்மா இருந்தது. பிறகு அடியில் சின்னச் சின்னக் குமிழ்கள் ஒட்டிக்கொண்டன. பன்னிரண்டு பேரும் ஒரு குறடு வேகிறதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தாழ்வாரத்து வாசலில், போர்வையைப் போர்த்திக்கொண்டு, டாக்டரும் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊசி ஏறும்போது லலிதாம்பாள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவளுக்குப் பிறகு கரியப்பன், அவனுக்குப் பிறகு லிங்கம்மா. மாதேவி மட்டும் கையை நீட்டவில்லை. அழுதாள். அன்றே ஹனூருக்கு வண்டி பிடித்துவிட்டாள். அவளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. புத்திமதிதான், உத்தரவு இல்லை.

இரண்டு நாள் எல்லோரும் காய்ச்சலில் கிடந்தார்கள்; ஆஸ்பத்திரியில் வேலை செய்ய ஆள் இல்லை. டாக்டர் எழுந்துவந்து ஒரு கையால் நோயாளிகளுக்குக் கஞ்சி ஊற்றினார். வெல்லமண்டிக் கணக்குப்பிள்ளை அந்த இரண்டு நாளுக்குள் போய்விட்டார். அவரைப் பக்கத்துக் குடிசைகளிலிருந்து யாரோ வந்து தூக்க வேண்டியிருந்தது. காய்ச்சல் இறங்கியதும் கரியப்பன் முதலில் போய் நின்றது அந்தக் காலிக் கட்டிலின் பக்கத்தில். தன் அக்குளை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டான். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தான்.

காய்ச்சல் போன பிறகுதான் காத்திருப்பு ஆரம்பித்தது. தனுர்வாதம் உடனே வராது, ஒரு வாரம் கழித்தும் வரும் என்று லலிதாம்பாள் அவர்களிடம் மறைக்காமல் சொல்லியிருந்தாள். சொன்னதன் பலனை அவளே அனுபவித்தாள். காலையில் கண் விழித்ததும் பாயில் படுத்தபடியே வாயை அகலத் திறந்து பார்ப்பாள். தாடை சத்தமில்லாமல் திறக்கும். ஒரு நாள் கொஞ்சம் இழுப்பதுபோல இருந்தது. அன்று பல் விளக்கும்போதும் மறுபடி மறுபடி திறந்து பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் அது ஊரறிந்த விஷயமாகிவிட்டது. காலையில் தண்ணீர்க் குழாயண்டை ஒருவரைப் பார்த்து ஒருவர் நமஸ்காரம் சொல்வதற்குப் பதில் வாயைத் திறந்து காட்டினார்கள்.

"இன்னும் பெருசா" என்பாள் லிங்கம்மா புருஷனிடம்.

"போதுண்டி. உள்ளார எலி பூந்துரும்."

"நீ பேசற பேச்சுக்கு அது பூட்டிக்கிட்டாலும் ஊருக்கு நல்லதுதான்." சொல்லிவிட்டு உடனே தன் வாயிலேயே இரண்டு அடி போட்டுக்கொண்டாள்.

பத்திரிகை மறுபடியும் வர ஆரம்பித்தது. முதல் நாள் அதில் ஓட்டை இல்லை. லலிதாம்பாள் ஒவ்வொரு பக்கமாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் படிக்க உட்கார்ந்தாள்.

முகாமுக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள், காலைச் சுற்றின் முடிவில், டாக்டர் பெண்கள் வார்டின் ஜன்னலண்டை நின்றார். அவள் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அவர் கையைக் கழுவித் துண்டில் துடைத்தார். துடைத்த பிறகும் போகவில்லை. தாழ்வாரத்தின் இரண்டு பக்கமும் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு, ஒன்றும் சொல்லாமல், அவள் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார்.

லலிதாம்பாள் சிரிக்கவில்லை. கிண்ணத்தை ஜன்னல் கட்டையில் வைத்தாள். அவர் முகத்தில் வெளிச்சம் விழும்படி ஓரடி நகர்ந்து நின்றுகொண்டாள். இரண்டு பக்கத்துத் தாடையையும் நிதானமாகப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம்" என்றாள்.